வெளிநாடு போன வீரர் யார் கணக்கில்? ஃபேன்டசி ஹாக்கி விதிகள் மேல் ஒரு விமர்சனம்

கீப்பர் லீக் விதிப்புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். டிரேட் கெடு என்றைக்கு, காயம்பட்டவரை எந்த இடத்தில் வைக்கலாம், சமநிலை வந்தால் யார் ஜெயித்தவர், எல்லாம் பத்தி பத்தியாக இருக்கும். என்.எச்.எல்.-ஐ விட்டு வெளிநாட்டு லீக்குக்குப் போய்விடும் வீரரைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி. நான் படித்தவரை அந்த வரி இரண்டு விதத்தில்தான் வருகிறது. ஒன்று, "வெளிநாடு போனவரை அபராதம் இல்லாமல் விட்டுவிடலாம்". இன்னொன்று, "வெளிநாடு போனவரின் உரிமை பழைய உரிமையாளரிடமே இருக்கும், ரோஸ்டரில் இடம் கணக்காகாது". இரண்டுமே பார்க்க நியாயமாகத்தான் இருக்கு. இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

வழக்கமாக இங்கே பழைய அளவைகள், நிலவரிக் கணக்குகள் என்று எழுதுகிறவன் திடீரென்று ஐஸ் ஹாக்கி பேசுவதற்கு மன்னிக்கவும். டொராண்டோவில் வேலை பார்க்கிறவன் குளிர்காலத்தில் வேறு எதைப் பேச முடியும்! ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ட்ரீம்11 போல ஒரு மேட்சுக்கு ஓர் அணி கட்டி அன்றைக்கே கலைப்பது இல்லை இது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, நிஜ வீரர்களை டிராஃப்டில் பங்கு போட்டுக்கொண்டு, ஒரு முழு சீசனுக்கு அவர்கள் போடும் கோலையும் அசிஸ்டையும் எண்ணிக்கொண்டே போவது. கீப்பர் லீக் என்றால் அடுத்த வருஷமும் சில வீரர்களை வைத்துக்கொள்ளலாம். டைனஸ்டி லீக் என்றால் கிட்டத்தட்ட எல்லாரையும், வருஷக்கணக்கில். நிஜ சம்பளத்தையே கணக்கில் எடுத்து உச்சவரம்பு வைக்கும் லீக்குகளும் உண்டு. வீரர் என்பவர் இங்கே ஒரு சொத்து. சொத்து திடீரென்று ரஷ்யாவுக்கு விமானம் ஏறினால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

கே.எச்.எல். 2008-ல் தொடங்கியது. அந்தக் கோடையிலேயே இரண்டு பெரிய பெயர்கள் போனார்கள். ஜாரோமிர் யாகர் நியூயார்க் ரேஞ்சர்ஸை விட்டு ஓம்ஸ்க் அவன்கார்டுக்கு. அலெக்சாண்டர் ராடுலோவ் நாஷ்வில்லை விட்டு ஊஃபா சலாவத் யுலாயேவுக்கு. விதிப்புத்தகத்தின் அந்த ஒரு வரிக்கு இருவரும் ஒன்றுதான், "வெளிநாடு போனவர்". நிஜத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். யாகரின் ஒப்பந்தம் முடிந்திருந்தது, அவர் சுதந்திர மனிதர். 2011-ல் திரும்பி வந்தபோது ஃபிலடெல்ஃபியாவில் சேர்ந்தார், ரேஞ்சர்ஸுக்கு அதில் ஒரு பேச்சும் இல்லை. ராடுலோவுக்கோ ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் மிச்சம் இருந்தது. அந்த வருஷம் அழியவில்லை, உறைந்து நின்றது. 2012 மார்ச்சில் அவர் திரும்பியபோது நேரே நாஷ்வில்லுக்குத்தான் வர முடிந்தது, அந்தப் பழைய மிச்சத்தை ஆடித் தீர்க்க.

புரோகிராமர் பாஷையில் சொன்னால், ஒருத்தருடைய மதிப்பு சுழியம், இன்னொருத்தருடையது 'இன்னும் தெரியாது'. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு வைத்தால் எந்தக் கணக்கும் சரியா வராது. நம் தொழிலில் இந்தத் தப்பைச் செய்தால் இரவு ரெண்டு மணிக்குப் போன் வரும். ஃபேன்டசி லீக்கில் என்ன, கமிஷனருக்கும் மற்றவர்களுக்கும் சண்டை வரும், அவ்வளவுதான் என்று நினைக்கலாம். ராடுலோவ் திரும்பிய தேதியைக் கவனியுங்கள். மார்ச் கடைசி வாரங்கள். ஃபேன்டசி லீக்குகளின் ப்ளேஆஃப் நடக்கிற நேரம். அவர் ஆடியது 9 மேட்ச், எடுத்தது 7 பாயின்ட். "அபராதம் இல்லாமல் விட்டுவிடலாம்" என்று எழுதியிருந்த லீக்கில், நாலு வருஷம் முன்னால் அவரை விட்டவருக்கு ஒன்றுமில்லை. அந்த வாரம் வெய்வர் வரிசையில் யார் முதலில் நின்றாரோ அவருக்கு அரையிறுதியில் ஒரு முதல்தர விங்கர் சும்மா கிடைத்தார். "உரிமை பழையவரிடமே, இடம் கணக்காகாது" என்று எழுதியிருந்த லீக்கில் அதே அதிர்ஷ்டம் வேறொருவருக்கு அடித்தது. அவரும் நாலு வருஷத்தில் காலணா செலவு செய்யவில்லை. ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்து கட்டிய அணி, இப்படி ஒரு வரி விதியால் தோற்கலாம். பணம் வைத்து ஆடுகிற லீக் என்றால் நட்பும் கூடவே போகும்.

சம்பள உச்சவரம்பு லீக்குகளில் இது இன்னும் மோசம். இல்யா கோவல்சுக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 15 வருஷம், 10 கோடி டாலர் ஒப்பந்தம். 2013 ஜூலையில், 12 வருஷமும் 7.7 கோடி டாலரும் மிச்சம் இருக்கும்போது, 'ஓய்வு' என்று எழுதிக்கொடுத்துவிட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஸ்காவில் சேர்ந்தார். நிஜ நியூ ஜெர்சிக்கு ஆள் போனார், ஒப்பந்தச் சுமையும் பெரும்பாலும் போனது. ஆனால் முழுசா போகவில்லை. அவர்களுடைய உச்சவரம்புக் கணக்கில் வருஷத்துக்கு 2,50,000 டாலர் என்று 2024-25 வரை ஒட்டிக்கொண்டிருந்தது. தொகை சின்னதுதான். கொள்கை பெரியது. இத்தனை நீளமான ஒப்பந்தத்தின் சலுகையை அனுபவித்தாய், அதன் மிச்சக் கணக்கையும் கொஞ்சம் சும என்பது அதன் பொருள். ஃபேன்டசி உரிமையாளரோ, அந்த ஒரு வரியின் புண்ணியத்தில், முப்பது வயது ஆன வீரரின் வருஷம் 66 லட்சத்துச் சொச்சம் டாலர் சுமையை ஒரே நாளில் உதறிவிட்டு அடுத்த டிராஃப்டுக்கு நிறைந்த பையோடு வந்திருப்பார். அதற்கு முந்தைய சீசனில் கோவல்சுக் எடுத்தது 37 மேட்சில் 31 பாயின்ட். நல்ல எண்தான், ஆனால் அந்த விலைக்கு அடுத்த பத்து வருஷம் தாங்கும் எண் இல்லை. அவர் போனது அந்த உரிமையாளருக்கு நஷ்டம் என்று நம் விதிப்புத்தகம் நினைத்துக்கொண்டு பரிதாபப்படுகிறது. உண்மையில் அது லாட்டரி.

கோவல்சுக் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம். ஓய்வுப் பட்டியலில் போனதால் அவர் மேல் உரிமை நியூ ஜெர்சியிடமே இருந்தது. 2018-ல், 35 வயது கடந்த பிறகுதான் யாரோடும் பேசலாம் என்ற நிலை வந்து, லாஸ் ஏஞ்சலஸில் மூன்று வருஷத்துக்கு 1.875 கோடி டாலருக்குச் சேர்ந்தார். ஆக ஒப்பந்தம் முடிந்து போனவர், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போனவர், ஓய்வு என்று சொல்லிப் போனவர் என்று மூன்று வகை இப்போதே வந்தாயிற்று. இருங்கள், இன்னும் இருக்கு.

ஜெஸ்ஸே புல்யுயார்வி. 2016 டிராஃப்டில் நாலாவது இடத்தில் எட்மன்டன் எடுத்த ஃபின்லாந்துப் பையன். 2019-20 முழுக்க ஊருக்குப் போய் ஊலு கார்பாட்டில் ஆடினார், 56 மேட்சில் 53 பாயின்ட். எட்மன்டனிடம் உரிமை இருந்தது, மனஸ்தாபம் தீர்ந்ததும் அடுத்த சீசனில் திரும்பிவிட்டார். இவர் 'போனவர்' இல்லை, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவர். அப்புறம் இன்னும் வராதவர்கள். கிரில் கப்ரிஸோவை மினசோட்டா 2015 டிராஃப்டில் 135-ஆவது ஆளாக எடுத்துவிட்டு 2020 வரை காத்திருந்தது. மாத்வெய் மிச்கோவை 2023-ல் ஃபிலடெல்ஃபியா ஏழாவதாக எடுத்தபோது ஸ்காவோடு அவருக்கு 2026 வரை ஒப்பந்தம். மூன்று வருஷம் கழித்துத்தான் வருவார் என்று எல்லாரும் எழுதினார்கள். 2024 கோடையிலேயே ஸ்கா விடுவித்துவிட்டது. முதல் சீசனிலேயே 80 மேட்ச், 63 பாயின்ட். மூன்று வருஷக் காத்திருப்புக்கான தள்ளுபடி விலையில் அவரை வாங்கியவருக்கு ஒரே வருஷத்தில் பழம் கிடைத்தது. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு இடத்தை அடைத்து வைத்துக்கொண்டு, ரிஸ்க் எடுத்து, காத்திருந்தவருக்குக் கூலி கிடைக்கத்தான் வேண்டும்.

அங்கேதான் என் வாதத்தின் மையம். உரிமையை வைத்துக்கொள்வது தப்பில்லை. இலவசமாக வைத்துக்கொள்வதுதான் தப்பு. இலவச இருப்புப் பட்டியல் என்பது காலாவதி இல்லாத, பிரீமியம் கட்டாத ஆப்ஷன் மாதிரி. யாருக்குத்தான் அதை விட மனசு வரும்? பத்து வருஷம் ஓடிய ஒரு லீக்கில் ஒவ்வொரு உரிமையாளரும் ஐந்தாறு ரஷ்யர், ரெண்டு ஃபின்லாந்துக்காரர் என்று பரணில் போட்டு வைத்திருப்பார்கள். அதில் யாராவது ஒருத்தர் திரும்பும்போது, கடைசி இடத்தில் தவிக்கும் அணிக்கு வெய்வரில் கிடைத்திருக்க வேண்டியவர், ஏற்கனவே முதலிடத்தில் இருப்பவரின் பரணிலிருந்து இறங்குவார். புதுசா சேர்ந்த உரிமையாளரிடம் பரணே இல்லை. லீக்கின் சமநிலையைச் சத்தமில்லாமல் அரிக்கிற கரையான் இது.

திரும்பி வருபவரின் மதிப்பை எப்படிக் கணிப்பது என்பதிலும் இதே ஒரு வரிச் சோம்பேறித்தனம்தான். வெளிநாட்டு லீக்கின் பாயின்டை ஒரு குணகத்தால் பெருக்கி என்.எச்.எல். பாயின்டாக மாற்றும் முறை ஒன்று உண்டு. கேப்ரியல் டெஜார்டான் என்ற ஆய்வாளர் பரப்பியது. கருவி நல்ல கருவிதான். லீக்குகளின் சராசரித் தரத்தை ஒப்பிட அது போதும். தனி மனிதரை விலை பேச அதை எடுத்தால்தான் வில்லங்கம். கே.எச்.எல்.-க்கு முக்கால் என்று ஒரு எண்ணை மனப்பாடமா வைத்துக்கொண்டு டிராஃப்டுக்கு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நானே ஆறு பேரை எடுத்து, கிளம்பும் முன் கே.எச்.எல்.-லில் ஆடிய கடைசி சீசனையும், வந்ததும் ஆடிய முதல் என்.எச்.எல். சீசனையும் வகுத்துப் பார்த்தேன். அர்தேமி பனாரின் 54 மேட்சில் 62, பிறகு சிகாகோவில் 80 மேட்சில் 77. விகிதம் 0.84. கப்ரிஸோவ் 57-ல் 62, பிறகு 55-ல் 51. விகிதம் 0.85. எவ்கேனி தாதோனோவ் 53-ல் 66, ஃப்ளோரிடாவில் 74-ல் 65. இது 0.71. ராடுலோவ் இரண்டாம் முறை 2016-ல் திரும்பியபோது 53-ல் 65 எடுத்திருந்தவர் மாண்ட்ரியாலில் 76-ல் 54, ஆக 0.58. நிகிதா கூசெவ் 62-ல் 82, நியூ ஜெர்சியில் 66-ல் 44, வெறும் 0.50. கோவல்சுக் 53-ல் 63, லாஸ் ஏஞ்சலஸில் 64-ல் 34. இது 0.45.

பாருங்கள், மேல் எண் கீழ் எண்ணைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முக்கால் குணகத்தை நம்பி கூசெவை வாங்கியவர் 82 மேட்சுக்கு 81 பாயின்ட் எதிர்பார்த்திருப்பார். நிஜ வேகம் 55. ஆறு பேரை வைத்துப் புள்ளியியல் செய்யக் கூடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று இந்த ஆறு பேரே காட்டிவிடுகிறார்கள். வயசு ஒன்று. பனாரினும் கப்ரிஸோவும் இருபதுகளின் முன்பாதி, ராடுலோவுக்கு முப்பது, கோவல்சுக்குக்கு முப்பத்தைந்து. வயசு மட்டுமா என்றால் இல்லை. தாதோனோவுக்கு 28, கூசெவுக்கு 27. இருவரும் ஸ்காவில் முதல் வரிசையில் ஆடியவர்கள்தான். தாதோனோவ் வந்து உட்கார்ந்த இடம் பார்கோவுக்கும் ஹூபர்டோவுக்கும் பக்கத்தில். கூசெவ் வந்த அணி டிசம்பரிலேயே டெய்லர் ஹாலை விற்றுவிட்டது. பனாரினுக்கு பேட்ரிக் கேன். யாரோடு ஆடப்போகிறார், பவர் ப்ளேயில் எந்த யூனிட் என்பதை விட்டுவிட்டு லீக்கின் பெயரைப் பெருக்கிக்கொண்டிருப்பது, மாப்பிள்ளையைப் பார்க்காமல் ஜாதகக் கட்டத்தை மட்டும் பார்ப்பது மாதிரி.

இதைவிட முக்கியம், அந்தக் குணகத்துக்குள் யார் இல்லை என்பது. வாதிம் ஷிபாச்சியோவ் 2016-17-ல் 50 மேட்சில் 76 பாயின்ட் எடுத்தவர். மேலே சொன்ன ஆறு பேரில் ஒருவரும் அந்த வேகத்தில் எடுக்கவில்லை. லாஸ் வேகஸ் இரண்டு வருஷத்துக்கு 90 லட்சம் டாலர் கொடுத்துக் கூட்டி வந்தது. 3 மேட்ச், 1 கோல். நவம்பரில் மூட்டை கட்டிவிட்டார். குறைந்தபட்சம் இத்தனை மேட்ச் ஆடியிருந்தால்தான் கணக்கில் சேர்ப்போம் என்று வடிகட்டும் எந்த ஆய்விலும் அவர் வர மாட்டார். நிலைத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வருபவர்கள் எல்லாம் நிலைப்பார்கள் என்று விலை போடுகிறோம். ஃபேன்டசி உரிமையாளருக்கு இருக்கும் பெரிய ரிஸ்கே அந்த மூன்று மேட்ச்தான், குணகத்தின் இரண்டாம் தசமம் இல்லை.

சரி, விதிக்குத் திரும்புவோம். "வெளிநாட்டு லீக்கில் ஒப்பந்தம் போட்டவர் விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படுவார்" என்று கறாராக எழுதிய விதிப்புத்தகத்தையும் பார்த்திருக்கிறேன். கறார் நல்லதுதான். ஆனால் 2012 இலையுதிர்காலத்தில் என்.எச்.எல். கதவடைப்பு. ஒவெச்கின் மாஸ்கோ டைனமோவில், மால்கின் மக்னிதோகோர்ஸ்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள். விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் லீக்கின் பாதி நட்சத்திரங்கள் வெய்வருக்கு வந்திருக்க வேண்டும். 2020 இலையுதிர்காலத்திலும் அதே கதை, சீசன் ஜனவரிக்குத் தள்ளிப்போனதால் இரவலாக ஐரோப்பாவில் ஆடியவர்கள் எத்தனையோ பேர். எல்லை நிலையைச் சோதிக்காத விதி இப்படித்தான் ஆகும்.

இரவல், கோபம், ஓய்வு எல்லாம் தாண்டி, எனக்கு உண்மையிலேயே உறுத்துகிற வழக்கு இவான் ஃபெதோதோவ். 2022 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவோடு ஒப்பந்தம் போட்ட கோலி. ஜூலை தொடக்கத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிடித்து ராணுவ சேவைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் போனது. 2023-ல் அவர் மாஸ்கோ சி.எஸ்.கே.ஏ.-வில் கையெழுத்துப் போட்டார். ஃபிலடெல்ஃபியா ஒப்பந்தம்தான் செல்லும் என்று சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு தீர்ப்புச் சொல்லி நாலு மாதத் தடையும் விதித்தது. ஆனாலும் அந்த சீசன் முழுக்க அங்கேதான் ஆடினார். 2024 மார்ச் கடைசியில்தான் விடுவித்து ஃபிலடெல்ஃபியா வந்து சேர்ந்தார். ஃபேன்டசி விதிகளில் அடிக்கடி வரும் சொல் 'தன் விருப்பத்தில் விலகிய வீரர்' என்பது. எங்கள் பன்னிரண்டு பேர் லீக்கிலும் அந்தச் சொல் இருந்தது. இவரை எதில் சேர்ப்பது? சீருடை மாட்டி அனுப்பப்பட்ட ஒருவரின் விருப்பத்தை டொராண்டோவில் காபி குடித்துக்கொண்டு நாங்கள் ஓட்டெடுப்பில் தீர்மானிப்பதா? விருப்பம் என்ற சொல்லையே விதியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நான் வாதாடியது அதனால்தான். வீரரின் மனசுக்குள் போகாத விதி வேண்டும், வெளியே தெரிகிற நிலையை மட்டும் பார்க்கிற விதி. ஒப்பந்தம் உயிரோடு இருக்கா, உறைந்திருக்கா, செத்துவிட்டதா. அது போதும்.

நான் எழுதிக்கொடுத்த வரைவு ரொம்ப நீளம் இல்லை. ஒப்பந்தமோ அணி உரிமையோ உயிரோடு இருந்தால், முதல் சீசன் மட்டும் வீரர் ரோஸ்டருக்கு வெளியே இருக்கலாம். இரண்டாவது சீசனிலிருந்து அவருக்கு ஒரு நிஜ இடம் கொடுத்தால்தான் உரிமை நிற்கும். ஒப்பந்தம் முடிந்து போனவருக்கு அந்த முதல் வருஷச் சலுகையும் கிடையாது. உச்சவரம்புள்ள லீக்கானால், போனவரின் சம்பளத்தில் ஒரு பங்கு அந்த சீசன் முடியும்வரை உரிமையாளர் கணக்கில் நிற்கும், எவ்வளவு என்பது டிராஃப்டுக்கு முன்னாலேயே முடிவாகியிருக்கணும். டிரேட் கெடுவுக்குப் பிறகு திரும்புபவரை அந்த ஆண்டு ப்ளேஆஃபில் யாரும் ஆடவைக்க முடியாது. கதவடைப்பு, தள்ளிப்போன சீசன், இரவல் மூன்றும் 'போனது' ஆகாது.

இதற்கு வந்த எதிர்ப்பு எதிர்பார்த்ததுதான். "பொழுதுபோக்குக்கு ஆடுகிற ஆட்டத்துக்கு இவ்வளவு சட்டமா?" நியாயமான கேள்வி. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் சண்டையை விட ஒருமுறை எழுதும் அரைப்பக்கம் மலிவு. இன்னொருவர், ஏற்கனவே பரணில் இருப்பவர்களுக்கும் இது இப்போதே செல்லுமா என்று கேட்டார். செல்லக் கூடாது. 1990-ல் செர்கெய் மகரோவ் 31 வயதில் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வாங்கினார், சோவியத் அணியில் பத்து வருஷத்துக்கு மேல் ஆடித் தீர்த்தவர். என்.எச்.எல். உடனே 26 வயது வரம்பு கொண்டு வந்தது. கோப்பையைத் திருப்பி வாங்கவில்லை. விதி மாற்றம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், முன்னோக்கி மட்டும்.

வரைவைச் சோதிக்க எவ்கேனி குஸ்னெத்சோவை ஓடவிட்டுப் பார்த்தோம். 2024 ஆகஸ்டில் கரோலினாவோடு பரஸ்பரம் பேசி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஸ்காவுக்குப் போனவர். ஒப்பந்தம் செத்துவிட்டது, அணி உரிமையும் இல்லை. ஆகவே சலுகை இல்லை, வேண்டுமானால் ஒரு இடம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். அவரை வைத்திருந்த நண்பர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பத்தொன்பது வயது டிஃபென்ஸ்மேனைப் போட்டுக்கொண்டார்.